ஜில்லுவுக்கு ஹீட்டு

என் புள்ள ஹாலித் தினமும் ஷார்ஜாவுலேர்ந்து வீடியோ கால் பண்ணுவான். இங்க சாயந்தரம் அசர் தொழுகை முடியுற நேரம், அவனுக்கு அங்க மத்தியானச் சாப்பாட்டு நேரம். என்னைப் பாக்கக் கூப்பிடுறான்னு நினைச்சுக்காதீங்க. விட்டுட்டுப் போன ஃபெரட்டைப் பாக்கக் கூப்பிடுறான். ஸலாம் சொல்லி வாயை மூடறதுக்குள்ள, "அம்மா, ஜில்லுவைக் காட்டுங்க"ம்பான். நான் போனைத் திருப்பிப் புடிப்பேன். அதோட அவன் கொஞ்சுவான், அது மூக்கை வச்சு போனை முகரும். போனாப் போகுதுன்னு நடுவுல எனக்கும் ரெண்டு வார்த்தை வரும். "சாப்டீங்களாம்மா? முட்டிவலி எப்படி இருக்கு?" அவ்வளவுதான். அதுவே போதும்னு இருந்தேன்.

ஃபெரட்டுன்னா என்னன்னு கேட்டா எனக்குச் சரியாச் சொல்லத் தெரியாது. கீரிப்புள்ள மாதிரி நீட்டு உடம்பு, பாலாடை நிறம், கண்ணைச் சுத்தி மட்டும் கறுப்பு. வெளிநாட்டுச் சாதி. அந்த ஊர்ல பொட்டைக்கு 'ஜில்'னு பேராம், அதனால ஜில்லுன்னு வச்சான். எங்க வீட்டுக்காரர் ஹபீபுல்லாவுக்கு அது எப்பவும் எலிதான்.

அந்த எலியாலதான் எல்லாம். பெரிய கடைவீதியில எங்களுக்குப் பூட்டு, கீல், தாழ்ப்பாள் விக்கிற கடை இருக்கு. ஹாலித் அதுல உக்காரணும்னு இவருக்கு ஆசை. உக்காந்தான், மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு. போன தீபாவளி சமயத்துல சென்னைக்குச் சரக்கெடுக்கப் போனவன், சரக்கோட சரக்கா இதையும் ஒரு கூண்டுல தூக்கிட்டு வந்துட்டான். இவர் குதிச்ச குதியில எங்க பாலக்கரையே திரும்பிப் பாத்துச்சு. பேச்சு வளர்ந்து வளர்ந்து, கடைசியில, "என் கடை புடிக்கலேன்னா எங்கயாவது போய்த் தொலை"ன்னு வார்த்தையை விட்டுட்டார். அவனும் இவருக்குப் பொறந்தவன்தானே, நோன்பு வர்றதுக்குள்ள விசா வாங்கிக்கிட்டுக் கிளம்பிட்டான். அதுலேர்ந்து அத்தாவும் மகனும் பேசிக்கிறதில்லை. பெருநாளன்னைக்கு நான் போனை இவர்கிட்ட நீட்டினேன். குளிக்கப் போறேன்னு போயிட்டார், ஏற்கெனவே குளிச்சு அத்தரெல்லாம் போட்டிருந்த மனுஷன்.

ஆனா ஒண்ணு. முன்னெல்லாம் சாயந்தர டீயைக் கடையிலயே குடிச்சவர், இப்போ வீட்டுக்கு வந்து குடிக்க ஆரம்பிச்சார். அதுவும் ஹாலித் கூப்பிடுற நேரத்துக்கு. பக்கத்து ரூம்ல உக்காந்து, இந்த வெயில்லயும் ஃபேனை நிறுத்திட்டு, இருமிக்கிட்டே டீ குடிப்பார். ஃபேன் ஓடினா குரல் கேக்காதில்ல. நான் ஒண்ணும் கேட்டுக்கலை. கேட்டா ரோஷத்துல வர்றதை நிறுத்திடுவார்.

நோன்பு முடியுற சமயத்துல ஜில்லுவுக்குப் பின்பக்கம் வீங்கிச்சு. பின்பக்கம்னா, அந்த இடத்துல. சின்ன உருப்படிக்கு அவ்வளவு பெரிய வீக்கம். இதைப் பெத்த புள்ளைகிட்ட எப்படிச் சொல்றது, சொல்லுங்க? போனைத் திருப்பி இங்க பாருடான்னு காட்டுறதா? தவ்பா. நானே விசாரிச்சுக்கலாம்னு நாய் பூனைக்கு வைத்தியம் பாக்குற ஒரு இடத்து நம்பரைப் புடிச்சுக் கூப்பிட்டேன். போனை எடுத்தவர் டாக்டரா இல்லையான்னு தெரியாது. சங்கடப்பட்டுக்கிட்டே விஷயத்தைச் சொன்னேன்.

"பொட்டைதானே? அது ஹீட்டுங்க. ஹீட்டு வந்திருக்கு. இந்த சீசன்ல வர்றதுதான், தானா அடங்கிடும்"னு வச்சுட்டார்.

திருச்சியில வெயில் ஏறிக்கிட்டிருக்கும்போது ஒருத்தர் ஹீட்டுன்னு சொன்னா நீங்க என்னன்னு எடுத்துக்குவீங்க? எங்களுக்குத் தெரிஞ்சது ஒரே ஹீட்டுதான். கண்ணு எரிஞ்சா ஹீட்டு, வாய்ல புண்ணு வந்தா ஹீட்டு, கட்டி வந்தா ஹீட்டு. அட இவ்வளவுதானான்னு எனக்கு மூச்சு வந்துச்சு. ஜில்லுன்னு பேரை வச்சுக்கிட்டு ஹீட்டாம்மா உனக்குன்னு அதைக் கேலி வேற பண்ணினேன்.

அன்னைக்கே வைத்தியத்தை ஆரம்பிச்சேன். தண்ணிக் கிண்ணத்துல இளநீர். வெந்தயத்தை ஊற வச்சு அந்தத் தண்ணியை ஸ்பூன்ல புகட்டினேன், என் கையைக் கடிச்சாலும் விடலை. கூண்டைச் சுத்தி ஈரத்துணி கட்டினேன். பக்கத்து வீட்டு லூர்துராணி வந்து பாத்துட்டு, "எங்க வீட்டுக்காரருக்கும் இதே மாதிரி ஹீட்டு உடம்புதாங்க. விளக்கெண்ணெயைத் தொப்புள்ல வைங்க, படக்குனு எறங்கிடும்"னா. இதுக்குத் தொப்புள் எங்க இருக்குன்னு ரெண்டு பேரும் தேடினோம். கிடைக்கலை. வயிறு பூராத் தடவிட்டோம்.

வீக்கம் அப்படியே இருந்துச்சு. வெயிலும்தான் குறையலையே, வெயில் குறைஞ்சாத்தானே இது குறையும்னு நினைச்சேன். அப்புறம் வால்ல முடி கொட்ட ஆரம்பிச்சுது. சூட்டுக்கு முடி கொட்டுறது ஊரறிஞ்ச விஷயமாச்சே, வெந்தயத்தைக் கூட்டினேன். வயித்துல சிவப்பாப் புள்ளி புள்ளியா வந்துச்சு. வேர்க்குருன்னு பவுடர் போட்டேன். தூங்கிக்கிட்டே இருந்துச்சு. இந்த அக்னி நட்சத்திரத்துல நாமளே எந்திரிக்க முடியாமத்தானே கிடக்குறோம்னு விட்டுட்டேன். பாருங்க, வந்தது ஒவ்வொண்ணும் நான் நினைச்சதுதான் சரின்னு சொல்லிக்கிட்டே வந்துச்சு.

ஹாலித்துக்கு மூஞ்சியை மட்டும் காட்டிக்கிட்டிருந்தேன், உடம்பைத் துண்டுல சுத்தி. "ஏம்மா டல்லா இருக்கு?"ன்னான். "வெயில்டா"ன்னேன். எங்க தெருவுல வெளிநாட்டுல ஆள் இருக்குற எந்த வீட்லயும் இங்கத்துக் கஷ்டத்தை அங்க சொல்றதில்லை. எங்க மாமனார் மவுத்தாகி உசுரு போனப்பக்கூட ஜித்தாவுல இருந்த கொழுந்தனாருக்கு, "கொஞ்சம் சீரியஸ், கிளம்பி வா"ன்னுதான் சொன்னோம். அங்க தனியா உக்காந்து அழுவானேன்னுதான்.

ஒருநாள் காலையில கூண்டைத் திறந்தேன். ஜில்லு எந்திரிக்கப் பாத்துச்சு, பின்னங்கால் ரெண்டும் வரலை, முன்னங்காலால இழுத்துக்கிட்டே வந்து என் கையில தலையை வச்சுது. வாயைத் திறந்து பாத்தேன். ஈறு வெள்ளைத்தாளா இருந்துச்சு. ரெண்டு நாளா ஹாலித் கூப்பிட்டப்போ நெட் சரியில்லைன்னு மெசேஜ் போட்டுச் சமாளிச்சிருந்தேன், காட்டுற மாதிரி இல்லேன்னு. அப்பதான் எனக்கு உறைச்சுது, இது சூடு இல்லை, வேற என்னமோன்னு. யா அல்லாஹ், இது என் கையிலயே போயிடுமோன்னு இருந்துச்சு. அது போறது ஒரு துக்கம். அது போயிட்டா என் புள்ள எதுக்கு என்னைக் கூப்பிடுவான்ங்கிறது அதைவிடப் பெரிய துக்கம். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், ரெண்டாவதுதான் எனக்கு முதல்ல வந்துச்சு.

ஸ்ரீரங்கத்துல முயல், கிளிக்கெல்லாம் பாக்குற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்கன்னு லூர்துராணி விசாரிச்சுச் சொன்னா. கூடையில ஈரத்துண்டு போட்டு ஜில்லுவை வச்சுக்கிட்டு ஆட்டோ புடிச்சேன். காவேரிப் பாலத்துல வண்டி நகரவே இல்லை. முன்னாடி ஒரு பஸ், பக்கத்துல ஒரு பஸ், அனல் மூஞ்சியில அடிக்குது. கூடைக்குள்ள கையை விட்டு மூச்சு வருதா வருதான்னு பாத்துக்கிட்டே போனேன். ஆட்டோக்காரர் எதுக்குங்க அழறீங்கன்னு கேட்டார். வேர்வைன்னு சொன்னேன்.

டாக்டர் பேரு ரஞ்சனி. நெத்தியில சன்னமா ஒரு சிவப்புக் கோடு, சின்ன வயசுதான். ஜில்லுவைத் திருப்பிப் பாத்தாங்க, ஈறைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க.

"எவ்வளவு நாளாம்மா ஹீட்டுல இருக்கு?"

"வெயில் ஆரம்பிச்சதுலேர்ந்து, டாக்டர். இதுக்கு ரொம்ப ஹீட்டு உடம்பு."

"என்ன பண்ணீங்க?"

எல்லாத்தையும் சொன்னேன். இளநீர், வெந்தயம், ஈரத்துணி, விளக்கெண்ணெய். சொல்லச் சொல்ல அவங்க கை அப்படியே நின்னு போச்சு.

"அம்மா, இதுல ஹீட்டுன்னா சூடு இல்லை. ஆணோட சேர்ற பருவம்."

தெருப்பூனை கத்துமே, அதுவான்னு கேட்டேன். அதுதான், ஆனா பூனை மாதிரி இல்லைன்னாங்க. பூனை கொஞ்ச நாள் கத்தும், அடங்கிடும். ஃபெரட்டுக்கு ஒரு தடவை பருவம் வந்துட்டா, ஆணோட சேர்ந்தாத்தான் அடங்கும். இல்லேன்னா மாசக்கணக்குல அப்படியே நிக்கும். உடம்புல அந்த ஹார்மோன் ஊறிக்கிட்டே இருக்கும், அது எலும்புக்குள்ள போய், ரத்தம் ஊறுறதையே நிறுத்திடும். முடி கொட்டினது அதனால, சிவப்புப் புள்ளி தோலுக்கடியில ரத்தம் கசிஞ்சது.

"குட்டி போட விடாம வளர்க்குறவங்க, பருவம் வர்றதுக்கு முன்னாடியே ஆபரேஷன் பண்ணிடுவாங்க. இல்லேன்னா தோலுக்கடியில மருந்து வைப்பாங்க. வந்த உடனே கூட்டிட்டு வந்திருந்தா ஒரு ஊசியிலயே அடங்கியிருக்கும்"னாங்க. திட்டலை. திட்டியிருந்தாத் தேவலாம்.

"வித்தவன் ஆபரேஷன் ஆனதுன்னு சொல்லித்தான் என் புள்ளைகிட்ட குடுத்தான், டாக்டர். அதான் அவனும் ஒண்ணும் சொல்லிட்டுப் போகலை"ன்னேன். அப்புறம் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "அதென்ன டாக்டர், பொட்டைன்னாப் புருஷன் இல்லாம இருக்கக்கூடாதா? இருந்தா ரத்தம் சுண்டிச் சாகணுமா? இது எந்த ஊரு நியாயம்? இந்த இங்கிலீஷ்காரன் ரெண்டுக்கும் ஒரே வார்த்தையை வச்சிருக்கானே, அவன் நல்லா இருப்பானா?"

டாக்டர் என் தோளைத் தொட்டு உக்கார வச்சாங்க. ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. இருக்க வேண்டியதுல பாதிகூட இல்லை. பருவத்தை நிறுத்துற ஊசி இப்பவே போடுறேன், ஆனா அது வேலை செய்ய நாள் ஆகும், அதுவரைக்கும் இது தாங்கணும், இப்போ இருக்குற நிலைமையில ஆபரேஷனும் பண்ண முடியாது, உடனே ரத்தம் ஏத்தணும்னாங்க. என் கையை நீட்டிட்டேன், பைத்தியக்காரி மாதிரி. அவங்க சிரிக்கலை.

"இன்னொரு ஃபெரட் வேணும்மா. குரூப் எல்லாம் பாக்க வேண்டாம், எந்த ஃபெரட் ரத்தமும் சேரும். கைலாசபுரத்துல ஜேக்கப்னு ஒருத்தர் வளர்க்குறார், ஆண். நல்ல மனுஷர், நான் போன்ல சொல்லிடறேன். ஆனா அவர் வண்டி ரிப்பேர்ல இருக்கு. இந்த வெயில்ல அதை ஸ்கூட்டர்லயும் கொண்டு வரக்கூடாது. யாராவது கார் எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வரணும்."

யாராவதுன்னா யாரு? எனக்கு இருக்குறது ஒருத்தர்தான். எலி செத்தா விட்டது தொல்லைன்னு சொல்லப்போற ஒருத்தர். போன் போட்டேன்.

"என்னங்க, கோவிச்சுக்காதீங்க"ன்னு ஆரம்பிச்சு எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டினேன். ஹீட்டு சமாச்சாரத்தையும் சொன்னேன், வெக்கம் பாத்தா ஆகுமா. அந்தப் பக்கம் கடைவீதி இரைச்சல் மட்டும் கேட்டுச்சு. யாரோ ஆறு இஞ்ச் தாழ்ப்பாள் இருக்கான்னு கேக்குறாங்க. இவர் அவங்களுக்குப் பதில் சொல்லலை.

"கைலாசபுரத்துல எங்க?"ன்னார்.

ஷட்டரை இறக்குற சத்தம் போன்லயே கேட்டுச்சு. பக்கத்துக் கடைக்காரர் என்ன ஆச்சுன்னு கேட்டதுக்கும், "அவசரம், போயிட்டு வரேன்"னு மட்டும் சொல்லிட்டு டாக்ஸி புடிச்சுப் போயிருக்கார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத் தவிர கடைவீதியில இவர் கடை பகல்ல பூட்டி யாரும் பாத்ததில்லை.

அவர் வர்ற வரைக்கும் நான் ஓதாத ஸூரா இல்லை. ஜில்லு கண்ணை மூடிக் கிடந்துச்சு. டாக்டர் நாக்குல தேனைத் தடவினாங்க, நக்கலை. வாசல்ல ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன். ஒருவழியா வந்து எறங்கினாங்க. ஜேக்கப் முன்னாடி உக்காந்திருந்தார். பின்சீட்டுல எங்க வீட்டுக்காரர், மடியில கூண்டு, கூண்டு மேல ஐஸ் தண்ணி பாட்டிலை ஒரு கையால புடிச்சுக்கிட்டு. சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. அவர் புடிச்சுக்கிட்டு வந்த அந்த ஆண் ஃபெரட் ஜில்லுவைவிட ரெண்டு பங்கு இருந்துச்சு.

அதுக்கு மயக்க மருந்து குடுத்து ரத்தம் எடுத்தாங்க. ஜில்லுவோட காலைக் கட்டி, சொட்டுச் சொட்டா ஏத்த ஆரம்பிச்சாங்க. நாங்க ரெண்டு பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெஞ்சுல உக்காந்தோம்.

"உங்களுக்குத்தான் அதைக் கண்டாலே ஆகாதே"ன்னேன்.

"இப்பவும் ஆகாதுதான்."

கர்ச்சீப்பால மூஞ்சியைத் துடைச்சார். துடைச்சுக்கிட்டே இருந்தார்.

"அது போயிட்டா அவன் எதுக்குடி போன் பண்ணுவான்?"னார்.

காலையிலேர்ந்து இது என் ஒருத்தி பயம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அவர் கையைப் புடிச்சுக்கிட்டேன், அவரும் விடலை. இந்த மனுஷன் வெளியிடத்துல என் கையைப் புடிச்சதே கிடையாது.

என் போன் அடிச்சுது. ஹாலித். எடுக்கலை. ஜில்லுவைக் காட்டுங்கம்பான், எதைக் காட்டுறது? நின்னுட்டுத் திரும்ப அடிச்சுது. திரும்ப நின்னு திரும்ப அடிச்சுது. ஜேக்கப் எங்களைப் பாத்துட்டு வெளியில போய் நின்னுக்கிட்டார். பொய் சொல்றதுன்னா ஒரே பொய்யாச் சொல்லிடுவோம்னு எடுத்தேன், வீடியோவை அணைச்சுட்டு.

"அம்மா." குரலே அவன் குரலா இல்லை. "எங்க இருக்கீங்க?"

"வீட்லதான்டா, நெட்டு..."

"வீடு பூட்டியிருக்காம். பக்கத்து வீட்டு அங்கிளுக்குப் போன் போட்டுக் கேட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க, வேற ஒண்ணும் தெரியாதுன்னார். கடைவீதிக்குப் போன் பண்ணினேன், அத்தா கடையும் பூட்டியிருக்காம். மூணு நாளா ஏதோ மறைக்கிறீங்க. அம்மா, உண்மையைச் சொல்லுங்க. அத்தா இருக்காரா?"

"டேய், ஒண்ணுமில்லடா"ன்னேன். என் நாக்குல சனி. எங்க தெருவுல போன்ல ஒண்ணுமில்லன்னு சொன்னா என்ன அர்த்தம்னு அவனுக்குத் தெரியாதா? அவ்வளவுதான், சின்னப் புள்ளையா விசும்ப ஆரம்பிச்சுட்டான்.

"நான் பேசாமலே இருந்துட்டேனேம்மா. பெருநாளைக்குக் கூடப் பேசலையே. தினமும் ஜில்லுவைப் பாக்குற மாதிரி அவர் இருமுறது கேக்குதான்னுதாம்மா கேட்டுக்கிட்டிருந்தேன். மூணு நாளாக் கேக்கலை. எப்பம்மா போனார்? நான் வர்ற வரைக்கும் அடக்கம் பண்ணிடாதீங்கம்மா. டிக்கெட் எடுத்துட்டேன், காலையில எறங்கிடுவேன்."

போன் ஸ்பீக்கர்ல இல்லை. ஆனா அவன் அழுத அழுகை ரூம் பூராக் கேட்டுச்சு. இவர் உக்காந்த இடத்துலயே உக்காந்திருந்தார், தாடி மட்டும் ஆடிச்சு. நான் போனை அவர் கையில வச்சேன். இந்தத் தடவை எங்கயும் எந்திரிச்சுப் போகலை.

"நான்தான்டா பேசுறேன்."

அந்தப் பக்கம் அழுகை டக்குனு நின்னுச்சு.

"உசுரோடதான் இருக்கேன். குத்துக்கல்லாட்டம் இருக்கேன். உன் ஜில்லுவுக்குத்தான் உடம்பு சரியில்லை. ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கோம்." செருமிக்கிட்டார். "அதுக்கு ஹீட்டு. உங்கம்மா நினைச்ச ஹீட்டு இல்லை, அந்த ஹீட்டு. ரத்தம் ஏத்திக்கிட்டிருக்காங்க. டாக்டர் உறுதியா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க. இப்பதான் கொஞ்சம் தலையைத் தூக்கிச்சு."

நிஜமாவே தூக்கியிருந்துச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டர் ரஞ்சனி விரலை நீட்ட, ஜில்லு நாக்கை நீட்டி அதுல இருந்த தேனை நக்கிக்கிட்டிருந்துச்சு. இன்னும் நாளாகும், வீக்கம் வடியணும், அப்புறம் ஆபரேஷன் பண்ணணும், எதுவும் சொல்றதுக்கில்லைன்னு அவங்க முன்னாடியே சொல்லிட்டாங்க. இருந்தாலும் நக்குச்சு.

ஹாலித் மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருந்தான். அப்புறம் மெதுவா, "அல்ஹம்துலில்லாஹ். நான் என்னென்னவோ நினைச்சுட்டேன், அத்தா. அப்போ டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடட்டுமா? லீவு குடுக்க இங்க ரொம்ப யோசிச்சாங்க"ன்னான்.

இவர் போனைக் காதுலேர்ந்து எடுத்து ஒரு தடவை பாத்துட்டுத் திரும்ப வச்சுக்கிட்டார்.

"ஏன்டா, நான் மவுத்தானாத்தான் வருவியா?"